பெருவிரல் உப்பும் கீழாநெல்லியும்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையைச் சுற்றி வருபவர் எட்டு லிங்கங்களோடு சேர்த்து 14 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு நாட்டு மருந்துக் கடையையும் கடந்து வருகிறார். தார்ப்பாய் விரித்து வேரும் பட்டையும் கொட்டையுமாகக் குவித்து வைத்திருப்பார்கள். பக்கத்திலேயே பொடி டப்பாக்கள், எவர்சில்வர் பாத்திரத்தில் ஆவி பறக்கும் முடக்கத்தான் சூப், முடவாட்டுக்கால் சூப். வெறுங்காலோடு பாதி மலையைச் சுற்றி முடித்தவரின் காதில், மூட்டைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் நன்றாகவே விழும். சர்க்கரை, மூலம், மூட்டுவலி என்று முடிந்துகொண்டிருந்த பட்டியலில் இப்போது ‘யூரிக் ஆசிட்’டும் சேர்ந்துவிட்டது. லேப் ரிப்போர்ட்டில் இருந்த சொல் தெருவுக்கு வந்ததும், அதற்கு மருந்தும் கூடவே வந்துவிட்டது.

அந்த மருந்துகளில் ஒன்றைப் பற்றித்தான் இந்த அத்தியாயம். காசு கொடுத்து வாங்க வேண்டிய அவசியமே இல்லாத ஒன்று அது. நாலு மழை பெய்தால் வரப்பிலும் வேலியோரத்திலும் கொல்லைப்புறத்திலும் தானாக முளைத்துவிடும் கீழாநெல்லி. ஒரு முழம் உயரம்கூட வராத செடி. நெல்லி இலைபோல வரிசையாக இலைகள், அவற்றின் அடியில் மிளகைவிடச் சிறிய காய்கள். மஞ்சள் காமாலை என்றதும் தமிழ்நாட்டில் எந்தப் பாட்டியின் வாயிலும் முதலில் வரும் பெயர் இதுதான். செடியை வேரோடு பிடுங்கிக் கழுவி அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பார்கள். இதே செடி யூரிக் அமிலத்தையும் இறக்கும் என்கிறார்கள். இறக்குமா?

முதலில் அந்த அமிலத்தைப் பார்த்துவிடுவோம். நம் உடலில் நாள்தோறும் கோடிக்கணக்கான செல்கள் சாகின்றன. அவற்றுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வை உடல் பிரித்துப் போடும்போது ‘பியூரின்’ என்ற வகை மூலக்கூறுகள் மிஞ்சும். இவற்றைச் சாந்தின் ஆக்ஸிடேஸ் என்ற நொதி இரண்டு படிகளில் யூரிக் அமிலமாக மாற்றுகிறது. மாட்டுக்கும் எலிக்கும் இதற்கு மேல் இன்னொரு படி உண்டு. யூரிகேஸ் என்ற நொதி யூரிக் அமிலத்தையும் உடைத்து, நீரில் எளிதாகக் கரையும் அலன்டோயினாக ஆக்கிவிடும். மனிதனுக்கு அந்த நொதி கிடையாது. சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் நம் வாலில்லாக் குரங்கு முன்னோர்களிடம் அந்த மரபணு பழுதாகிப் போனது. அதனால் பெரும்பாலான பாலூட்டிகளைவிடப் பல மடங்கு அதிக யூரிக் அமிலத்தை ரத்தத்தில் சுமந்துகொண்டு நாம் நடமாடுகிறோம். எலி விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

உடல் வெப்பநிலையில் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சுமார் 6.8 மில்லிகிராம் வரைதான் யூரிக் அமில உப்பு கரைந்திருக்கும். அதற்கு மேல் போனால் படியத் தொடங்கலாம். எங்கே படியும்? உடலில் குளிர்ந்த இடம் எதுவோ அங்கே. இதயத்துக்கு வெகு தொலைவில், தரையை ஒட்டி இருக்கும் கால் பெருவிரல் மூட்டில்தான் பெரும்பாலும் முதல் தாக்குதல் வருவதற்கு அது ஒரு காரணம். 1854-இல் லண்டன் மருத்துவர் ஆல்ஃபிரெட் கேரட், நோயாளியின் ரத்தத் தெளிநீரில் சிறிது அசிட்டிக் அமிலம் விட்டு, ஒரு நூலைப் போட்டு வைத்தார். நூலில் கற்கண்டு கட்டுவதுபோல யூரிக் அமிலப் படிகங்கள் கட்டிக்கொண்டு நின்றன. அதே சமாச்சாரம் மூட்டுக்குள் நடக்கிறது என்பதை நுண்ணோக்கியில் நேரடியாகக் காட்ட இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1961-இல் அமெரிக்காவில் மெக்கார்ட்டியும் ஹாலண்டரும் மூட்டு நீரில் ஊசி ஊசியாக இருந்த படிகங்களை அடையாளம் கண்டார்கள்.

இந்த ஊசிகளை வெள்ளணுக்கள் விழுங்கப் பார்க்கும்போதுதான் வலி கிளம்புகிறது. இரவில் நன்றாகத் தூங்கப் போனவர் பின்னிரவில் பெருவிரல் சிவந்து வீங்கி எழுந்திருப்பார். போர்வை பட்டாலே உயிர் போகும். ‘கவுட்’ என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். எல்லா மூட்டுவலியும் இது ஆகாது. ரமண மகரிஷிக்கும் முழங்காலில் வாதம் இருந்தது, அடியார்கள் தைலம் தேய்த்துவிடுவார்கள் என்று ஆசிரம நூல்களில் படிக்கிறோம். தேய்மானம், வாதம், கவுட் மூன்றையும் ‘மூட்டுவலி’ என்ற ஒரே மூட்டையில் கட்டுவது கடைக்காரருக்குச் சௌகரியம். நோயாளிக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை.

“நான் சுத்த சைவம், எனக்கு எப்படி வரும்?” என்று கேட்பவர்கள் இந்தக் கோயில் ஊரில் நிறைய உண்டு. ஈரல், நெத்திலி, மத்தி, ஆட்டுக்கால் பாயா, பீர் ஆகியவை யூரிக் அமிலத்தை ஏற்றும் என்பது சரிதான். ஆனால் உடலில் உள்ள யூரிக் அமிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உடலே உற்பத்தி செய்வது. சாப்பாட்டிலிருந்து வருவது மீதிதான். கவுட் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கோளாறு உற்பத்தியில் இல்லை, வெளியேற்றத்தில்தான். சிறுநீரகம் வடிகட்டிய யூரிக் அமிலத்தில் பத்தில் ஒன்பது பங்கைத் திரும்ப ரத்தத்துக்கே அனுப்பிவிடும். அந்தத் திருப்பி அனுப்பும் வேலை கொஞ்சம் மும்முரமானாலே கணக்கு ஏறிவிடும். ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் தயசைட் வகை நீர் மாத்திரையும், காசநோய்க்கான பைரசினமைடும், சர்க்கரை கரைத்த குளிர்பானமும்கூட இதை ஏற்றும். அதே நேரம், பருப்பையும் கீரையையும் ஒதுக்கி வைப்பவர்கள் வீணாகத்தான் பத்தியம் இருக்கிறார்கள். 47 ஆயிரம் ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பியூரின் நிறைந்த காய்கறிகளுக்கும் கவுட்டுக்கும் தொடர்பு தென்படவில்லை. இறைச்சிக்கும் கடல் உணவுக்கும்தான் தென்பட்டது.

மருந்து என்று வரும்போது இரண்டு வேலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வலியை அடக்குவது ஒன்று. யூரிக் அமிலத்தை இறக்குவது இன்னொன்று. முதல் வேலைக்கு மூலிகையிலிருந்து கிடைத்த மருந்து உலகம் முழுக்கப் பயன்பாட்டில் இருக்கிறது. கோல்கிசின் என்ற அந்த வேதிப்பொருள் நம் மாநில மலரான செங்காந்தளிலும் உண்டு. வேதாரண்யம் பக்கத்திலும், மூலனூர், ஒட்டன்சத்திரம் வட்டாரத்திலும் விவசாயிகள் பந்தல் கட்டி, கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் இந்தச் செங்காந்தளைப் பயிரிடுவது அதன் விதையை ஏற்றுமதி செய்வதற்காகத்தான். மருந்துக்கும் விஷத்துக்கும் இடையே இதில் இருப்பது மெல்லிய கோடு. கிழங்கைத் தின்று இறந்தவர்கள் நம் மருத்துவமனைப் பதிவேடுகளில் உண்டு. வீட்டு வைத்தியத்தில் இதற்கு இடமே இல்லை. தவிர, கோல்கிசின் வீக்கத்தைத் தணிக்குமே ஒழிய யூரிக் அமிலத்தை ஒரு புள்ளிகூட இறக்காது.

இறக்குவதற்கு வழிகள் இரண்டு: உற்பத்தியை மறிக்கலாம், அல்லது வெளியே தள்ளலாம். 1966-இல் கவுட்டுக்கு அனுமதி பெற்ற அலோபுரினால், சாந்தின் ஆக்ஸிடேஸ் நொதியை மறிக்கும் மருந்து. அதை உருவாக்கிய குழுவின் கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் 1988-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஃபெபுக்சோஸ்டாட்டும் இதே வேலையைச் செய்வது. புரொபெனிசிட், பென்ஸ்புரோமரோன் போன்றவை வெளியே தள்ளும் ரகம். சிறுநீரகத்தில் யூரிக் அமிலத்தை மீட்டு ரத்தத்துக்கு அனுப்பும் ‘யூராட்-1’ என்ற வாயிற்புரதத்தை அவை அடைக்கின்றன. அந்தப் புரதத்தை 2002-இல் கண்டறிந்தது ஒரு ஜப்பானியக் குழு.

இப்போது கீழாநெல்லிக்கு வரலாம். சித்த மருத்துவத்தில் இது குளிர்ச்சி தரும் மூலிகை, காமாலைக்கு மருந்து, சிறுநீரைப் பெருக்குவது. கவுட்டுக்கென்று தனியாகப் பெயர் பெற்ற செடி இல்லை. மூட்டுக்கு என்று கிராமத்தில் கேட்டால் முடக்கத்தானைத்தான் கையில் கொடுப்பார்கள். சிறுநீரைப் பெருக்குவதால் யூரிக் அமிலமும் போய்விடும் என்று ஊகிக்கத் தோன்றும். ஆனால் நீர் அதிகம் போவது வேறு, யூரிக் அமிலம் போவது வேறு. தயசைட் மாத்திரை நீரை நன்றாகவே வெளியேற்றுகிறது, யூரிக் அமிலத்தை உள்ளேயே நிறுத்திவிடுகிறது. ஆகவே மரபு கொடுப்பது ஒரு துப்பு மட்டும்தான். விடையைச் சோதித்துத்தான் பெற வேண்டும்.

சோதனை என்றதும், இந்தச் செடிக்குச் சென்னையில் நடந்த ஒரு பழைய வழக்கைச் சொல்லாமல் போக முடியாது. 1988-இல் உலகப் புகழ்பெற்ற ‘லான்செட்’ இதழில் எஸ்.பி.தியாகராஜனும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தியாகராஜன் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். பின்னாளில் அதன் துணைவேந்தரும் ஆனார். கட்டுரை ஆசிரியர்களில் இன்னொருவர் பாருக் பிளம்பர்க்; ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்ததற்காக 1976-இல் நோபல் பரிசு பெற்றவர். அந்த வைரஸைச் சுமந்தவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை 30 நாள் கொடுத்தார்கள். சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து வைரஸின் மேற்பரப்புப் புரதம் மறைந்துபோனது. வெறும் மாவு மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி நடந்தது. பாட்டி சொன்னதை விஞ்ஞானம் ஒப்புக்கொண்டது என்று தமிழ்நாடே பெருமைப்பட்டது. ஆனால் 1990-இல் தாய்லாந்தில் அதேபோலச் செய்து பார்த்தபோது பலன் இல்லை. வேறு இடங்களிலும் சென்னை முடிவு திரும்ப வரவில்லை. செடி வேறா, மண் வேறா, நோயாளிகள் வேறா, முதல் ஆய்வின் எண்ணிக்கை குறைவா என்ற விவாதம் பல ஆண்டுகள் ஓடியது. இன்று ஹெபடைட்டிஸ் பி-க்கான முக்கிய சர்வதேச மருத்துவ வழிகாட்டிகளில் கீழாநெல்லி இல்லை. என் கணக்கில் தியாகராஜன் செய்தது மிகச் சரியான காரியம்: ஒப்பீட்டுக் குழு வைத்தார், எண்ணைச் சொன்னார், அதனால்தான் மற்றவர்களால் சரிபார்க்க முடிந்தது. தார்ப்பாய்க் கடையில் சொல்லப்படும் எதையும் இப்படிச் சரிபார்க்க வழியில்லை.

யூரிக் அமிலக் கதை தொடங்குவது பினாங்கில். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் விக்னேஸ்வரன் முருகையாவும் அவருடைய பேராசிரியர் சானும் கீழாநெல்லி இலையை மெத்தனாலில் ஊறவைத்துச் சாறு எடுத்தார்கள். யூரிக் அமிலம் ஏற்றப்பட்ட எலிகளில் அந்தச் சாறு அளவை இறக்கியது. எந்தப் பொருளால் இறங்குகிறது என்று சாற்றைப் பிரித்துப் பிரித்துப் பார்த்ததில், லிக்னான் என்ற வகையைச் சேர்ந்த மூன்று பொருள்கள் மிஞ்சின: ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின், ஃபில்டெட்ராலின். உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் ஃபில்லாந்தின் கொடுத்த எலிகளில், அலோபுரினாலுக்கும் புரொபெனிசிட்டுக்கும் ஒப்பிடத் தக்க அளவுக்கு யூரிக் அமிலம் இறங்கியது. இது 2006-இல் வெளியானது.

2009-இல் அவர்கள் செய்த அடுத்த ஆய்வு எனக்கு இன்னும் பிடிக்கும். எப்படி இறங்குகிறது என்பதுதான் அதன் கேள்வி. முழுச் சாறு சாந்தின் ஆக்ஸிடேஸை ஓரளவு மறித்தது. ஆனால் பிரித்தெடுத்த லிக்னான்கள் அந்த நொதியை ஏறக்குறையச் சீண்டவே இல்லை. ஆக லிக்னான்களின் வேலை வேறெங்கோ நடக்கிறது. எலியின் சிறுநீரை அளந்தார்கள். யூரிக் அமிலம் இரண்டு மடங்குக்கு மேல் வெளியேறிக்கொண்டிருந்தது. பிறகு ஃபில்லாந்தினோடு பைரசினமைடையும் சேர்த்துக் கொடுத்தார்கள். யூரிக் அமிலத்தைச் சிறுநீரகத்தில் மீட்கும் வேலையை முடுக்கிவிடும் அந்தக் காசநோய் மாத்திரைதான். ஃபில்லாந்தினின் விளைவு கணிசமாக அடங்கிப்போனது. பென்ஸ்புரோமரோனோடு பைரசினமைடைக் கொடுத்தாலும் இதேதான் நடக்கும். கீழாநெல்லியின் லிக்னான்கள் சிறுநீரகத்தின் மீட்பு வாயிலில்தான் கை வைக்கின்றன என்று இதிலிருந்து ஊகிக்கலாம். ஒரு மருந்தின் பாதையை இன்னொரு மருந்தால் மறித்துப் பார்த்துக் கண்டுபிடித்தது, நல்ல துப்பறியும் வேலை.

இங்கேயே கதையை நிறுத்திவிட்டால், கிரிவலப் பாதையில் ஒரு பலகையே எழுதி மாட்டிவிடலாம். நிறுத்த முடியாது. மேலே எலியை நினைவில் வைக்கச் சொன்னேன். எலிக்கு யூரிகேஸ் உண்டு. அதற்குத் தானாக யூரிக் அமிலம் ஏறாது. எனவே சோதனைக்கு முன் பொட்டாசியம் ஆக்சோனேட் என்ற பொருளைக் கொடுத்து அந்த நொதியைச் செயலிழக்க வைக்கிறார்கள். செயற்கையாக ஒரு நாள் ஏற்றிவிட்ட யூரிக் அமிலமும், இருபது ஆண்டுகளாக மெல்ல ஏறிப் பெருவிரலில் படிந்ததும் ஒன்றல்ல. 2009 ஆய்வில் சாறு எலியின் வயிற்றறைக்குள் ஊசியால் செலுத்தப்பட்டது. நாம் வாயால் குடிக்கிறோம். மெத்தனாலில் எடுத்த சாறு வேறு, வீட்டில் தண்ணீரில் கொதிக்கவைத்த கஷாயம் வேறு. ஃபில்லாந்தின் தண்ணீரில் சரியாகக் கரையாத பொருள். கஷாயத்தில் எவ்வளவு இறங்கும் என்பதே சந்தேகம். பச்சையாக அரைத்து மோரில் கலக்கும் பாட்டி முறையில் செடி முழுவதுமே வயிற்றுக்குள் போய்விடுவதால், இந்த ஒரு விஷயத்தில் அவருக்கு அரை மதிப்பெண் கூடுதலாகப் போடலாம்.

மனிதர்களிடம் என்ன தெரியும்? பிரேசிலில் கீழாநெல்லி இனத்துச் செடியைச் சிறுநீரகக் கல்லுக்காகக் குடிக்கும் பழக்கம் பரவலாக உண்டு. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், சிறிய கற்கள் இருந்த 56 பேருக்கு நாளொன்றுக்கு 4.5 கிராம் செடியின் வடிநீரை 12 வாரம் கொடுத்தார்கள். குடிக்குமுன், குடிக்கும்போது, நிறுத்திய பின் என்று அதே ஆட்களையே அளந்தார்கள். சிறுநீரில் அளவுக்கு மீறி யூரிக் அமிலம் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு அந்த அளவு குறைந்தது. குறைந்தது என்பதைக் கவனியுங்கள். பினாங்கு எலியின் சிறுநீரில் யூரிக் அமிலம் கூடியது. பிரேசில் மனிதனின் சிறுநீரில் குறைந்தது. கல் நோயாளிக்குச் சிறுநீரில் குறைவது நல்லது. கவுட் நோயாளிக்கோ, வெளியே தள்ளும் மருந்து என்றால் சிறுநீரில் கூட வேண்டும். இரண்டும் ஒரே செடியின் குணமாக எப்படி இருக்க முடியும்?

இருக்க முடியும், ஒரு வழியில். முழுச் செடிச் சாறு உற்பத்தியையும் ஓரளவு மறிக்கிறது என்று பார்த்தோம். உற்பத்தி குறைந்தால் ரத்தத்திலும் குறையும், சிறுநீரிலும் குறையும். தண்ணீரில் எடுத்த வடிநீரில் லிக்னான் குறைந்து, நொதியை மறிக்கும் வேறு பொருள்கள் கூடியிருக்கலாம். இது என் ஊகம். யூரிக் அமிலம் ஏறியவரின் ரத்தத்தையும் 24 மணி நேரச் சிறுநீரையும் ஒருசேர அளந்தால்தான் உண்மை வெளிப்படும். இது வெறும் ஆராய்ச்சிச் சுவாரசியத்துக்காகக் கேட்கும் கேள்வி இல்லை. செடி உண்மையிலேயே யூரிக் அமிலத்தைச் சிறுநீரில் தள்ளுகிறது என்றால், ஏற்கெனவே யூரிக் அமிலக் கல் இருப்பவருக்கு அது கல்லை வளர்க்கும் வேலையாகவும் முடியலாம். சித்திரை வெயிலில் தண்ணீர் சரியாகக் குடிக்காமல் நடக்கிறவருக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

அடுத்த சிக்கல் தார்ப்பாயிலேயே இருக்கிறது: கையில் கொடுப்பது கீழாநெல்லிதானா? தாவரவியலாளர்கள் கறாராக ‘ஃபில்லாந்தஸ் நிரூரி’ என்று சொல்வது அமெரிக்கக் கண்டத்துச் செடியை. நம் வரப்பில் முளைப்பது பெரும்பாலும் ‘ஃபில்லாந்தஸ் அமாரஸ்’. நல்லவேளையாக ஃபில்லாந்தின் அமாரஸில் தாராளமாக உண்டு. ஆனால் கீழாநெல்லி போலவே தோற்றமளிக்கும் உறவுக்காரச் செடிகள் பல இருக்கின்றன, அவை எல்லாவற்றிலும் அப்படி இல்லை. பெங்களூரு விஞ்ஞானிகள் தென்னிந்தியாவில் 25 மருந்துக் கடைகளிலிருந்து மாதிரிகளை வாங்கிப் பரிசோதித்து 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். 76 சதவீத மாதிரிகளில் முக்கியமாக இருந்தது அமாரஸ். மீதியில் வேறு ஃபில்லாந்தஸ் இனங்கள் இருந்தன. நாலில் மூன்று சரி என்பது மோசமான கணக்கு இல்லை. ஆனால் காய்ந்து பொடியான பிறகு நம் கையில் இருப்பது அந்த மூன்றில் ஒன்றா, நாலாவதா என்று கண்ணால் சொல்ல யாராலும் முடியாது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 1995-இல் வெளியான ஒரு சிறு இந்திய ஆய்வில், லேசான ரத்த அழுத்தம் இருந்த ஒன்பது பேருக்குக் கீழாநெல்லியை முழுச் செடியாகப் பத்து நாள் கொடுத்தார்கள். சிறுநீர் கூடியது, ரத்தச் சர்க்கரை இறங்கியது, சிலருக்கு ரத்த அழுத்தமும் இறங்கியது. ஒன்பது பேரை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாது. ஆனால் யூரிக் அமிலம் ஏறியவர்களில் பலர் ஏற்கெனவே சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். அதன்மேல் இதையும் சேர்த்தால் தலை சுற்றிக் கீழே விழ வாய்ப்புண்டு.

வேடிக்கை என்னவென்றால், யூரிக் அமிலத்துக்கு மனிதர்களிடம் கீழாநெல்லியைவிட உறுதியான சான்று இருக்கும் மூலிகை, அதே நாட்டு மருந்துக் கடையில் யாரும் அதற்காகக் கேட்காத ஒரு டப்பாவில் கிடக்கிறது. தான்றிக்காய். கடுக்காய், நெல்லிக்காயோடு திரிபலாவில் மூன்றாவதாகச் சேர்வது. இருமலுக்கும் தொண்டைக்கும் பேர் போனது. நளன் கதையில் கலி போய் ஒளிந்துகொள்வது தான்றி மரத்தில். வேத காலத்துச் சூதாடிகள் உருட்டியதும் இதன் கொட்டையைத்தான். திருவண்ணாமலைக்கு வடமேற்கே இருக்கும் ஜவ்வாது மலைக் காடுகளில் தான்றியும் கடுக்காயும் வளர்கின்றன. மலையாளிப் பழங்குடி மக்கள் கடுக்காய் பொறுக்கி விற்பது அங்கே காலங்காலமான தொழில். ஒரு காலத்தில் ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஷாப்புகளுக்குக் கடுக்காய் மூட்டை மூட்டையாக வேண்டியிருந்தது.

ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் உஷாராணியின் குழு, யூரிக் அமிலம் ஏறிய 110 பேரை ஐந்து குழுக்களாகச் சீட்டுப் போட்டுப் பிரித்தது. ஒரு குழுவுக்குக் கடுக்காய்ச் சாறு, இரண்டு குழுக்களுக்குத் தான்றிக்காய்ச் சாறு இரு வேறு அளவுகளில், ஒரு குழுவுக்கு ஃபெபுக்சோஸ்டாட், ஒரு குழுவுக்கு வெற்று மாத்திரை. கொடுப்பவருக்கும் தெரியாது, சாப்பிடுபவருக்கும் தெரியாது. 24 வாரம் நடந்த அந்த ஆய்வு 2016-இல் வெளியானது. தான்றிச் சாற்றை 500 மில்லிகிராம் வீதம் இரண்டு வேளை சாப்பிட்ட குழுவில், 8-ஐ ஒட்டியிருந்த சராசரி 6-க்குக் கீழே வந்தது. கவுட் சிகிச்சையில் எட்ட வேண்டிய இலக்கே 6-க்குக் கீழே என்பதுதான். ஃபெபுக்சோஸ்டாட் அதைவிட அதிகமாக இறக்கியது; கடுக்காய் தான்றிக்குப் பின்தங்கியது. மூட்டுத் தாக்குதல் குறைந்ததா என்பதை இந்த ஆய்வு பார்க்கவில்லை, பார்த்தது ரத்தத்தில் உள்ள எண்ணை மட்டும்தான். கொடுத்ததும் அளவு நிர்ணயிக்கப்பட்ட சாறு. டப்பாவிலிருந்து ஒரு ஸ்பூன் அள்ளிப் போடும் பொடி அதற்குச் சமமாகாது. ஒரே ஓர் ஊரில் ஒரே ஒரு முறை நடந்த ஆய்வு வேறு; லான்செட் கதையை மறந்துவிட வேண்டாம். இத்தனை குறையோடும், ‘மூலிகை யூரிக் அமிலத்தை இறக்கும்’ என்று சொல்ல விரும்பும் எவரும் கடக்க வேண்டிய வாசல் இது. கீழாநெல்லி இன்னும் அதைக் கடக்கவில்லை.

மூலிகை தேடிப் போகிறவர்களைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. அலோபுரினால் மிகச் சிலருக்குத் தோல் உரியும் அளவுக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்குகிறது. எச்.எல்.ஏ.-பி 58:01 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம். இதய நோயாளிகளில் மரணம் கூடலாம் என்று ஓர் ஆய்வு காட்டியதால், 2019-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஃபெபுக்சோஸ்டாட்டுக்குக் கடும் எச்சரிக்கை ஒட்டியது. அடுத்த ஆண்டு வந்த ஐரோப்பிய ஆய்வு அப்படி ஆபத்து கூடவில்லை என்றது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு வெளியே தள்ளும் மருந்துகள் பெரும்பாலும் ஒத்துவராது. ஆக, புதிய வழிக்கு உண்மையிலேயே தேவை இருக்கிறது. அது நம் வேலியோரத்திலிருந்து வந்தால் எல்லோருக்கும் சந்தோஷம்தான்.

வர வேண்டுமானால் வேலை நடக்க வேண்டும். தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. பாளையங்கோட்டையில் அறுபது ஆண்டு கண்ட அரசு சித்த மருத்துவக் கல்லூரி, சென்னையில் சித்த ஆராய்ச்சிக்கென்றே ஒரு மத்திய கவுன்சில், மாவட்டம்தோறும் அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவு. இவர்களிடம் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. இனம் உறுதி செய்யப்பட்ட ஒரே வகைக் கீழாநெல்லி, ஃபில்லாந்தின் அளவு தெரிந்த ஒரே தயாரிப்பு, யூரிக் அமிலம் 7-க்கு மேல் உள்ள நூறு நூற்றைம்பது பேர், வெற்று மாத்திரைக் குழு ஒன்று, அலோபுரினால் குழு ஒன்று, ஆறு மாதம். ரத்தம், 24 மணி நேரச் சிறுநீர் இரண்டையும் அளக்க வேண்டும்; கூடவே கல் வளர்கிறதா என்று ஸ்கேனும் பார்க்க வேண்டும். முடிவு எதிராக வந்தாலும் அதை வெளியிட வேண்டும். ஹைதராபாத்தால் தான்றிக்காய்க்கு இதைச் செய்ய முடிந்திருக்கும்போது, கீழாநெல்லியைத் தன் செடி என்று கொண்டாடும் தமிழ்நாடு இன்னும் செய்யாமல் இருப்பதற்குச் சாக்கு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அதுவரைக்கும் பெருவிரல் வீங்கினால் முதலில் ரத்தத்தில் யூரிக் அமிலம் பாருங்கள். தாக்குதல் நடக்கும் நேரத்தில் அது பொய்யாகக் குறைந்து காட்டலாம், இரண்டு வாரம் கழித்து மறுபடியும் பாருங்கள். மருத்துவர் மாத்திரை எழுதியிருந்தால் அதை நிறுத்திவிட்டுக் கீழாநெல்லிக்கு மாறாதீர்கள். மாத்திரையோடு கீழாநெல்லியும் குடிப்பதாக இருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். சிறுநீரகக் கல் இருப்பவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் கேட்காமல் தொடவே வேண்டாம்.